மணியாச்சி: பத்து நிமிடம் காத்திருந்த சந்திப்பு

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நான்கு வழிச் சாலையில் போகிறவர் கண்ணில் மணியாச்சி படாது. அந்தச் சாலை கோவில்பட்டி, கயத்தாறு, கங்கைகொண்டான் என்று போய்விடும். தூத்துக்குடிக்கு இறங்கும் இன்னொரு நெடுஞ்சாலை அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகப் போகிறது. இரண்டுக்கும் நடுவில், கரிசல் காட்டுக்குள், ஓட்டப்பிடாரம் வட்டத்தில் இருக்கிறது மணியாச்சி. ஒரு காலத்தில் திருநெல்வேலிச் சீமைப் பாளையங்களில் ஒன்றாக இருந்த சின்ன ஊர். ரயிலில் வருகிறவர்களுக்கு மட்டும் இது பெரிய ஊர், ஏனென்றால் தூத்துக்குடிப் பாதையும் திருநெல்வேலிப் பாதையும் இங்கேதான் பிரிகின்றன.

இந்த ஸ்டேஷனைப் பற்றி எழுதுகிற எல்லோரும் 1911 ஜூன் 17-ஐ எழுதுகிறார்கள். கலெக்டர் ஆஷ் சுடப்பட்டது, வாஞ்சிநாதன் தன்னையே சுட்டுக்கொண்டது, இரண்டும் இங்கே நடந்தன. அந்த எழுத்துகளில் மணியாச்சி ஒரு நாடக மேடை மாதிரிதான் வருகிறது. ஆட்கள் வருகிறார்கள், சுடுகிறார்கள், திரை விழுகிறது. என் கேள்வி வேறு. ஏன் மணியாச்சி? மாவட்டத்தின் தலைமை அதிகாரி, தன் தலைநகரிலிருந்து கொடைக்கானலுக்குப் புறப்பட்டவர், இந்தப் பொட்டல் காட்டில் பெட்டிக்குள் உட்கார்ந்து ஏன் காத்திருக்க வேண்டி வந்தது? இதற்கான பதில் அதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்னால் போட்ட தண்டவாளத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கவட்டை

தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1874-ல் உருவானது. திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு மீட்டர் கேஜ் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள பாதை, 1875-ல் வந்தது. அடுத்த ஆண்டு பிறந்த அன்றே, 1876 ஜனவரி 1-ல், மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை வண்டி ஓடத் தொடங்கியது. மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பாதையும் அப்போதே திறக்கப்பட்டது.

இந்த அமைப்பைப் பார்க்க ஒரு கவட்டைக் கம்பை நினைத்துக்கொண்டால் போதும். கைப்பிடி கோவில்பட்டி, மதுரைப் பக்கம். ஒரு கிளை தென்கிழக்கே தூத்துக்குடிக்கு, இன்னொன்று தென்மேற்கே திருநெல்வேலிக்கு. இரண்டும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். கிளை பிரியும் கணுதான் மணியாச்சி.

இதில் கவனிக்க வேண்டியது, எது மரம், எது கிளை என்பது. திருநெல்வேலி மாவட்டத் தலைநகர். கலெக்டர் கச்சேரி, கோர்ட், நெல்லையப்பர் கோயில், தாமிரபரணி, பக்கத்திலேயே பாளையங்கோட்டை எல்லாம் அந்தப் பக்கம். ஆனால் கம்பெனி முதன்மைப் பாதையைத் துறைமுகத்துக்கு ஓட்டியது. தலைநகருக்குக் கிடைத்தது கிளைப் பாதை. காரணம் பஞ்சு. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரில் அங்கிருந்து போக வேண்டிய பருத்தி நின்றுபோக, இங்கிலாந்தின் ஆலைகளுக்கு இந்தியப் பருத்தி தேவைப்பட்டது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசலில் விளைந்த பஞ்சு மாட்டு வண்டிகளில் தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தது. போர் முடிந்து விலை விழுந்த பிறகும் அந்த வழி அழியவில்லை. ரயில் அந்த வண்டித் தடத்தின் திசையைத்தான் பிடித்துப் போனது.

ரயில் வந்த அதே 1876-ல் மழை பொய்த்தது. சென்னை மாகாணத்தை 1878 வரை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் அது. புதிய தண்டவாளம் பஞ்சை மட்டும் கடலுக்குக் கொண்டுபோகவில்லை. பசியில் ஊரை விட்டவர்களையும் கொண்டுபோனது. தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் கங்காணி சேர்த்த கூட்டங்கள் தூத்துக்குடி போய்க் கப்பலேறி, கொழும்பு வழியாகக் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் போயின. கொள்ளை நோய் பயத்தில் அவர்களைச் சோதித்து அனுப்ப ஒரு முகாம் பின்னால் ஏற்பட்டது. அது இருந்த தட்டப்பாறை, மணியாச்சியிலிருந்து தூத்துக்குடி போகும் பாதையிலேயே இருக்கிறது. மணியாச்சியில் வண்டி மாறியவர்களில் எத்தனை பேர் திரும்பி வரும்போதும் இதே பிளாட்பாரத்தில் இறங்கினார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு கலெக்டரின் பயணம் நிமிடக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. தோட்டத்துக்குப் போனவர்கள் தலைக் கணக்காக மட்டும் இருக்கிறார்கள். இந்த ஸ்டேஷனின் வரலாற்றை எழுதும்போது என்னை உறுத்துவது இதுதான்.

திருநெல்வேலிக் கிளை நெடுநாள் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. 1904-ல்தான் அது செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து புனலூர், கொல்லம் வரை இணைந்தது. இந்த இணைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 வரைக்கும் அப்படித்தான்.

கப்பல் வண்டி

மணியாச்சி வழியாகப் போன வண்டிகளில் ராஜா, போட் மெயில். சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். திரும்பும்போது கப்பலில் வந்தவர்களையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு வடக்கே போகும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே இருந்த முக்கியமான பயணிகள் பாதை இது. அது திருநெல்வேலிக்குப் போகாது. போக வேண்டிய தேவையும் இல்லை, மெயில் போவது துறைமுகத்துக்கு. திருநெல்வேலியிலிருந்து அதைப் பிடிக்க நினைப்பவர் கிளை வண்டியில் மணியாச்சி வந்து காத்திருக்க வேண்டும். கலெக்டரானாலும் அதுதான் வழி.

தூத்துக்குடி–கொழும்பு கப்பல் போக்குவரத்தைப் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கையில் வைத்திருந்தது. அதை எதிர்த்துத்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பிறகு காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. அவர் பிறந்த ஊர் ஓட்டப்பிடாரம், மணியாச்சி இருக்கும் அதே வட்டம். இரண்டு கம்பெனிகளும் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து யாருக்காகச் சண்டை போட்டன? மணியாச்சி வழியாகத் தூத்துக்குடியில் வந்து இறங்கிய பயணிகளுக்காகத்தான். சுதேசிக் கப்பலின் கதையைக் கடலில் மட்டும் வைத்துச் சொல்வது பாதிக் கதை. அதன் பயணிகள் ரயிலில் வந்தவர்கள்.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம். மார்ச் 12-ல் வ.உ.சி. கைது. மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழ, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அப்போது தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்தவர் ராபர்ட் வில்லியம் டெஸ்கோர்ட் ஆஷ். சுதேசிக் கப்பலை நசுக்கியதில் அவருக்குப் பங்குண்டு என்று தேசிய இயக்கத்தவர் கருதினார்கள். அதே ஆண்டு ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1911-ல் ஆஷ் திருநெல்வேலியின் கலெக்டர். வ.உ.சி. சிறையில்.

1911 ஜூன் 17

அன்று சனிக்கிழமை. ஆஷும் அவர் மனைவி மேரியும் காலை 9.30-க்குத் திருநெல்வேலியில் மணியாச்சி வண்டி ஏறினார்கள். குழந்தைகள் நால்வரும் கொடைக்கானலில் இருந்தார்கள், அவர்களைப் பார்க்கப் பயணம். போட் மெயிலைப் பிடித்து, இப்போது கொடைக்கானல் ரோடு என்று சொல்லும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, அங்கிருந்து மலையேற வேண்டும். கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வராத காலம்.

வண்டி 10.38-க்கு மணியாச்சி வந்தது. முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு 68 நிமிடம். தூத்துக்குடியிலிருந்து போட் மெயில் வர வேண்டிய நேரம் 10.48.

பத்து நிமிடம். முழுக் கதையும் இந்தப் பத்து நிமிடத்துக்குள் நடந்தது.

ஆஷ் தம்பதி முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு இளைஞர்கள் பெட்டியை நெருங்கினார்கள். குடுமி வைத்திருந்த ஒருவர் உள்ளே ஏறி பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால் ஆஷின் மார்பில் சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது வாயில் சுட்டுக்கொண்டு இறந்து கிடந்தார். உடன் வந்தவர் தப்பிவிட்டார்.

இறந்தவர் வாஞ்சிநாதன், செங்கோட்டைக்காரர், வயது 25. திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூர்ப் பக்கம் வேலை பார்த்தவர். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடக் கற்றவர். செங்கோட்டையும் புனலூரும் 1904-ல் மணியாச்சிக் கிளையோடு சேர்ந்த ஊர்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா. ஆஷ் புறப்பட்ட திருநெல்வேலியும், வாஞ்சி பிறந்து வளர்ந்து வேலை பார்த்த இடங்களும் ஒரே கிளைப் பாதையில் இருந்தன. அந்தக் கிளை முதன்மைப் பாதையைத் தொடும் இடம் மணியாச்சி.

இங்கே என் ஊகத்தை ஊகமாகவே சொல்கிறேன். கலெக்டரை அவருடைய தலைநகரில் நெருங்குவது கஷ்டம்: சேவகர்கள், போலீஸ், கச்சேரிக் கூட்டம். ஓடும் ரயிலிலும் முடியாது. ஒரு சின்னச் சந்திப்பில், எந்த வண்டி எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பது கால அட்டவணையிலேயே அச்சாகியிருக்கிறது. முதல் வகுப்புப் பெட்டி எது என்று யாருக்கும் தெரியும். கூட்டம் குறைவு. மணியாச்சியைத் தேர்ந்தெடுக்க ரகசியத் தகவல் தேவையில்லை, கால அட்டவணையைப் படித்தாலே போதும். ஆனால் அதே காரணம் தப்பிப்பதையும் கடினமாக்கியது. சுற்றிலும் மறைய வழியில்லாத வெட்டவெளி. பிளாட்பாரத்தில் ஒளிய இருந்த இடம் கழிப்பறை. வாஞ்சி திரும்பிப் போகும் எண்ணத்தோடு வந்தவர் இல்லை என்பதைச் சட்டைப் பையில் இருந்த கடிதமும் சொல்கிறது.

ஐந்து நாள் கழித்து, ஜூன் 22-ல், லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா நடக்க இருந்தது. அவர் இந்தியாவில் கால் வைத்தால் கொல்ல 3,000 பேர் சபதம் எடுத்திருப்பதாகவும், அதை உணர்த்தவே தான் இதைச் செய்ததாகவும் அந்தக் கடிதத்தில் இருந்தது. சனாதன தர்மத்தை நிலைநாட்டுவது பற்றியும், மன்னரைச் சாதி இழிவோடு குறிக்கும் சொற்களும் அதில் உண்டு. வாஞ்சியைப் பற்றிய விவாதம் இன்றுவரை ஓயாததற்கு அந்த வரிகள் பெரிய காரணம். அவரைத் தியாகி என்று போற்றுகிறவர்கள் அந்த வரிகளை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள். அவரைச் சாடுகிறவர்கள் 1908-ல் திருநெல்வேலியில் விழுந்த நான்கு உடல்களை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும் என்பேன்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 14 பேர், முதலாவது பெயர் நீலகண்ட பிரம்மச்சாரி. 1912-ல் வந்த தீர்ப்பில் அவருக்கு ஏழு ஆண்டு. ஆஷ் பாளையங்கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார்.

கப்பல் திசை மாறியது

கொலை நடந்து மூன்று ஆண்டு ஆகவில்லை, மணியாச்சி தன் ராஜாவை இழந்தது. 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறந்தது. போட் மெயில் தூத்துக்குடியை விட்டுத் தனுஷ்கோடிக்குப் போகத் தொடங்கியது. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சின்னக் கடல் பயணம்தான். தோட்டத் தொழிலாளர் சோதனையும் மண்டபம் முகாமுக்குப் போனது. 1911-ல் ஆஷ் காத்திருந்த அந்த 10.48 இணைப்பு வெறும் மூன்றாண்டில் பழங்கதையாகிவிட்டது. கொலை 1914-க்குப் பிறகு திட்டமிடப்பட்டிருந்தால் இடம் மணியாச்சியாக இருந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

அதற்கப்புறம் வந்த காலம் நீளமானது, சொல்ல அதிகம் இல்லாதது. ஒற்றைப் பாதை, மீட்டர் கேஜ், கரி வண்டி. ஒரு வண்டி வந்தால் இன்னொன்று லூப் என்னும் பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஊர் வழக்கில் அதற்குக் ‘கிராசிங்’ என்றே பெயர். “மணியாச்சியில கிராசிங்” என்றால் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை, எல்லோரும் இறங்கிக் கால் நீட்டிக்கொள்வார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் சாலையில் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ரயிலில் போனால் ஒரு கிளை வழியாக மணியாச்சிக்கு ஏறி, மறு கிளை வழியாக இறங்க வேண்டும், அறுபது ஆகிவிடும். இரட்டை ஊர்கள் போலப் பழகும் இந்த இரண்டு நகரங்களுக்கு நடுவே பஸ் ஜெயித்ததற்குக் கவட்டையின் இந்த வடிவமும் ஒரு காரணம். 1876-ல் கம்பெனி மனதில் இருந்தது துறைமுகமும் சென்னையும். திருநெல்வேலிக்காரரும் தூத்துக்குடிக்காரரும் ஒருவரை ஒருவர் பார்க்கப் போவார்கள் என்று யாரும் வரைபடம் போடவில்லை.

கிளை மரமானது

1981-ல் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பாதை வந்தது. கணக்கு அங்கேதான் தலைகீழானது. அதுவரை மணியாச்சி–திருநெல்வேலி கிளை. இனி அது கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் போகும் வழி. 1990-களில் மதுரைக்குத் தெற்கே மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்த பிறகு இந்த மாற்றம் உறுதியானது. சென்னையிலிருந்து குமரி முனைக்கு நேராக வண்டி ஓடத் தொடங்க, 1876-ல் முதன்மைப் பாதையாக இருந்த மணியாச்சி–தூத்துக்குடி இப்போது கிளைப் பாதையானது. நூறு ஆண்டுக்கு மேல் திருநெல்வேலிக்காரர்கள் மணியாச்சியில் இறங்கி நின்றார்கள். இப்போது அந்த முறை தூத்துக்குடிக்காரர்களுக்கு வந்தது.

அதைக் கண்ணால் பார்க்க லிங்க் எக்ஸ்பிரஸ் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து சில பெட்டிகள் மணியாச்சிக்கு வரும். குருவாயூர்–சென்னை வண்டி வந்ததும் அதோடு கோத்துவிடுவார்கள். நாகர்கோவில்–கோயம்புத்தூர் வண்டிக்கும் இப்படி ஒரு இணைப்பு இருந்தது. திரும்பி வரும்போது கழற்றிவிடுவார்கள். ஷண்டிங் நடக்கும்போது பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கும். தூங்கிக்கொண்டிருப்பவர் எழுந்து “மணியாச்சியா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பப் படுத்துவிடுவார். கோக்கிற வண்டி தாமதமானால் இந்தப் பெட்டிகள் காத்துக் கிடக்கும். ஒரு ஸ்டேஷனின் வேலை என்ன என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். இரண்டு ஊர்களின் பெட்டிகளை ஆள் வைத்துக் கைப்படக் கோத்து ஒரே வண்டியாக்கிய இடம் இது.

கொரோனாவுக்குப் பின் வந்த கால அட்டவணையில் அந்த இரண்டு லிங்க் வண்டிகளும் இல்லை. பெட்டிகளைக் கோக்கவும் கழற்றவும் ஆகும் நேரம் மொத்தப் பாதையையும் பிடித்துவைக்கிறது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. தூத்துக்குடிக்காரர்களின் வருத்தத்திலும் நியாயம் உண்டு, அவர்கள் கையிலிருந்த வண்டிகள் போயின. மாற்று வண்டியை ஓடவிட்டுவிட்டு இவற்றை நிறுத்தியிருக்கலாம்.

இப்போது பாதை மின்மயமாகிவிட்டது, இரட்டைப் பாதையும் வந்துவிட்டது. கிராசிங்குக்காக நிற்க வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் மணியாச்சியில் நிற்காமலே போகிறது. 1911-ல் திருநெல்வேலியிலிருந்து வடக்கே போகிறவர் தாண்டவே முடியாமல் இருந்த இடத்தை அந்த வண்டியில் இருப்பவர் பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் கடந்துவிடுகிறார்.

அந்தப் பலகையில் இருக்கும் பெயர் ‘வாஞ்சி மணியாச்சி சந்திப்பு’. நாட்டு விடுதலைக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சேர்த்த பெயர். ஆண்டுதோறும் ஜூன் 17-ல் வாஞ்சிக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். தட்டப்பாறை முகாமுக்குப் போனவர்களுக்கு இந்தப் பாதையில் ஒரு கல்வெட்டாவது வைக்க வேண்டும் என்பது என் ஆசை. மணியாச்சி பிளாட்பாரத்தில் அதற்கு இடம் நிறையவே இருக்கிறது. ரயில்வே குறியீடு இன்னும் எம்.இ.ஜே. தான். டிக்கெட் எடுக்கிறவர் அந்த மூன்று எழுத்தைத் தட்டினால் போதும், திரையில் முழுப் பெயரும் வந்துவிடும்.